பொது வரைபடத்துக்குத் தனிப்பேச்சு ஆகாது

“தவறு கண்டால் தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதாதீர்கள்.” ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் தன்னார்வலர்கள் பலரிடம் இது எழுதாச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஒருவர் போட்ட கோட்டில் ஐயம் வந்தால் முதலில் அவருடைய கைப்பேசி எண்ணைத் தேட வேண்டும். எண் கிடைக்காவிட்டால் தனிச்செய்தி அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம். வரைபடத்தின் மீதே, எல்லோர் கண்ணிலும் படும்படி கேள்வி கேட்பது கடைசி வழி. சிலருக்கு அது பண்புக்குறைவு.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான். ஆனால் இது வரைபடத்தைக் கெடுக்கிறது. புதிதாக வருகிறவரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கைவிடுகிறது. யாருடைய ஊரை வரைகிறோமோ அவர்களைப் பேச்சிலிருந்தே வெளியேற்றுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து இதை நிறுவ முடியும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம். யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒருவர் தன் திருத்தங்களை ஏற்றும்போது அவை ‘சேஞ்ச்செட்’ என்ற மாற்றத்தொகுப்பாகப் பதிவாகின்றன. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண் உண்டு. என்ன செய்தேன், எதை ஆதாரமாகக் கொண்டேன் என்று எழுத இடம் உண்டு. 2014 முதல் அந்தத் தொகுப்பின் கீழேயே மற்றவர்கள் கேள்வி எழுதலாம், வரைந்தவர் பதில் எழுதலாம், உலகில் யாரும் அதைப் படிக்கலாம். வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக் குறிப்பு வைக்கும் வசதி 2013இலேயே வந்துவிட்டது. இவற்றோடு, அனுப்பியவரும் பெற்றவரும் மட்டும் படிக்கும் தனிச்செய்தியும் உண்டு. வசதிகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. எதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் சண்டை.

மரக்காணம் இந்தச் சண்டைக்குச் சரியான களம். வடக்கே ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. அருகே கழுவெளி: மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரும் சதுப்பு நிலம், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழிமுகம், உப்பளம், இறால் பண்ணை, சவுக்குத் தோப்பு, எக்கியார்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நிலமும் நீரும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் உப்பளம் ஒரே ஏரியாகத் தெரியும். சித்திரை வெயிலில் எடுத்த படத்தில் அதே இடம் வெள்ளைக் கட்டங்களாக இருக்கும். இரண்டு படமும் உண்மை. எது வரைபடத்தில் ஏற வேண்டும் என்பதைப் படம் சொல்லாது. நிலத்தை அறிந்தவர்கள் பேசித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்பது இங்கே வாழ்வா சாவா என்ற கேள்வி.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நான்கு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, புதிதாக வந்தவர் முதல் திருத்தத்திலேயே பலர் முன்னால் திருத்தப்பட்டால் கூனிக்குறுகி விலகிவிடுவார். தனியாகச் சொன்னால் தங்குவார். இரண்டு, நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது வாட்ஸ்அப். நாலு நிமிடத்தில் முடிகிற பேச்சை ஏன் நாலு நாள் இழுக்க வேண்டும்? மூன்று, பொதுவில் எழுதுவது ஆங்கிலத்தில் எழுதுவதாகிவிடுகிறது. தமிழில் மட்டும் சரளமாக எழுதுகிறவர் அங்கே வாய்மூடிப் போகிறார். நான்கு, எழுதியது என்றைக்கும் அழியாது. நாளை ஒருவர் அதை வைத்துத் தொல்லை தரலாம், வரைபடச் சட்டங்களைக் காட்டி மிரட்டலாம், பெண் தன்னார்வலர்களைப் பின்தொடரலாம். இவை கற்பனைப் பயங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. என் மறுப்புகள் இவை.

1. வரைபடத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இரண்டு பேருக்கு இடையிலானது கிடையாது.

தனிச்செய்தி வாதம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: வரைந்தவர் ஒருவர், தவறு கண்டவர் ஒருவர், சிக்கல் அவர்கள் இருவருக்குள் என்பது. அனுமானமே பிழை. ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். பெங்களூரில் உட்கார்ந்து வரையும் ஒருவர், மரக்காணத்துக்குத் தெற்கே சில செவ்வகங்களைக் கண்டு ‘இறால் வளர்ப்பு’ என்று குறிக்கிறார். திண்டிவனத்துக்காரர் ஒருவர் அது உப்பளம் என்று தனியாகச் செய்தி அனுப்புகிறார். இருவரும் பேசி முடிக்கிறார்கள். யார் பாதிக்கப்பட்டார்கள்?

மேலிருந்து பார்த்தால் இரண்டும் வரப்பு கட்டிய செவ்வகங்கள்தான். தரையில் அவை வேறு வேறு உலகம். உவர்நீரைத் தேக்கும் பெரிய பாத்தி, அதை வெயிலில் சுண்டவைக்கும் அடுத்த பாத்தி, உப்பு விளையும் சிறு பாத்தி என்று உப்பளம் படிப்படியாக இயங்குகிறது. இறால் குட்டை ஆழமானது. நீரில் காற்றேற்றும் சக்கரங்கள் சுழலும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, விளைநிலத்தையும் சதுப்பு நிலத்தையும் அலையாத்திக் காட்டையும் மட்டும் குறிப்பிட்டு நிற்கவில்லை. உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. பிறகு 2005இல் இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனாலும், ஒரு நிலம் நேற்று உப்பளமாக இருந்ததா, இறால் குட்டையாக இருந்ததா என்ற கேள்வியின் எடை இந்தக் கடற்கரையில் குறையவில்லை.

அப்படியானால் அந்தச் செவ்வகத்தைப் பற்றிய பேச்சில் உப்பு வாரும் தொழிலாளி ஒரு தரப்பு. அந்தக் கழியில் வலை போடும் மீனவர் ஒரு தரப்பு. வரைபடத்தைப் பதிவிறக்கிக் கரையோர மாற்றத்தை அளக்கும் மாணவி ஒரு தரப்பு. பத்து ஆண்டு கழித்து அதே இடத்தைத் திருத்தப் போகும், இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒரு தரப்பு. தனிச்செய்தி இவர்கள் நால்வரையும் தள்ளி வைத்துவிட்டு இருவருக்குள் தீர்ப்பு எழுதுகிறது.

2. காரணம் பதிவாகாத திருத்தம் நிலைக்காது.

சரியாகத்தானே திருத்தியாயிற்று, பேச்சு எங்கே நடந்தால் என்ன என்று கேட்பார்கள். அடுத்த மழை வரட்டும், பதில் தெரியும். தனிச்செய்தியில் பேசி ‘உப்பளம்’ என்று மாற்றினார்கள். மாற்றத்தொகுப்பில் ‘திருத்தம்’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மழைக்குப் பின் எடுத்த புதிய செயற்கைக்கோள் படம் வருகிறது. வேறொரு தன்னார்வலர் அதில் பரந்த நீரைப் பார்க்கிறார். முன்னவர் ஏன் உப்பளம் என்று போட்டார் என்று வரலாற்றைப் புரட்டுகிறார். ஒன்றும் இல்லை. ‘ஏரி’ என்று மாற்றுகிறார். அவர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. கண் முன்னால் இருந்த ஆதாரப்படி அவர் செய்தது சரி. குற்றம், அறிந்ததை உள்பெட்டியில் பூட்டி வைத்தவர்களுடையது.

“இது உப்பளம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைநீர் நிற்கும், கோடையில் உப்பு விளையும். நேரில் பார்த்தது.” இந்த மூன்று வாக்கியங்கள் அந்தத் தொகுப்பின் கீழே இருந்திருந்தால் ஏரி முளைத்திருக்காது. படம் மாறும், வரைகிறவர் மாறுவார், கைப்பேசி எண் மாறும், வாட்ஸ்அப் குழு கலையும். வரைபடப் பொருளோடு பிணைந்து நிற்பது மாற்றத்தொகுப்பின் உரையாடல் ஒன்றுதான்.

வேகம் பற்றிய வாதமும் இங்கேயே உதிர்ந்துவிடுகிறது. நாலு நிமிடத்தில் முடிந்த பேச்சை ஆண்டுதோறும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தால் அதை வேகம் என்று எப்படிச் சொல்வது? ஒரே கேள்விக்கு ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகத் தட்டெழுதும் மூத்த தன்னார்வலர் சீக்கிரம் சலித்து ஒதுங்குகிறார். பொதுவில் ஒருமுறை எழுதிய பதிலுக்குச் சுட்டி கொடுத்தால் போதும்.

3. புதியவரைக் காப்பது பேசும் தொனி. பேசும் இடம் அவரைக் காப்பதில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். அதனால் இங்கே சற்று நிற்கிறேன். “நீங்கள் குறித்த இடம் எனக்குத் தெரியும். அது உப்பளம் என்று நினைக்கிறேன். வேறு ஆதாரம் ஏதும் பார்த்தீர்களா?” இதைப் பொதுவில் எழுதினால் யாருக்கு அவமானம்? “என்ன வரைந்து வைத்திருக்கிறாய், பார்த்து வரையத் தெரியாதா?” இதைத் தனியாக எழுதினால் யாருக்குப் பாதுகாப்பு? காயப்படுத்துவது சொல். அதைச் சபையிலிருந்து அறைக்கு மாற்றினால் காயம் ஆறாது. சாட்சி இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

சாட்சி என்பது சின்ன விஷயமில்லை. பொதுவில் எழுதும்போது அனுபவம் மிக்கவரும் சொல்லை அளந்து எழுதுகிறார். கடுமையாக எழுதினால் மற்றவர்கள் தலையிட்டுத் தணிக்கிறார்கள். புதியவர் பக்கம் நியாயம் இருந்தால் எடுத்துச் சொல்ல ஆள் வருகிறது. தனிச்செய்தியில் புதியவர் தன்னந்தனி ஆள். தன்னைவிட ஆயிரம் திருத்தம் கூடுதலாகச் செய்த ஒருவர் சொல்வது சரியா தவறா என்று கேட்டுப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. மூத்தவர் சொல்வதே தவறாக இருந்தால்? எக்கியார்குப்பத்துப் பெண் ஒருவர் தன் ஊர்ப் பாதையைச் சரியாக வரைந்திருக்க, தொலைவிலிருக்கும் அனுபவசாலி அதைத் தவறு என்று தனியாகச் சொல்லி அழிக்க வைத்தால், அந்த அநியாயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். பலவீனமானவர்களுக்குத்தான் பொதுவெளி அதிகம் தேவை.

இன்னொன்று. பிறருடைய பிழையும் திருத்தமும்தான் புதியவருக்குக் கிடைக்கும் நல்ல பாடம். எல்லாத் திருத்தங்களும் மறைவில் நடந்தால், வெளியே நின்று பார்ப்பவருக்கு மற்றவர்கள் யாருமே பிழை செய்யாதவர்களாகத் தெரிவார்கள். அப்போது தன் முதல் பிழை அவருக்கு மலையாகத் தோன்றும். நாலு பேர் முன்னால் பிழை திருத்துவது அன்றாட வழக்கமாக இருக்கும் கூட்டத்தில் பிழை அவமானமாகாது. புதியவரின் கூச்சத்தைத் தனிச்செய்திப் பழக்கம்தான் வளர்த்துவிடுகிறது.

4. வாட்ஸ்அப் குழு தனிமையையும் தராது, பொதுமையையும் தராது.

தனியாகச் சொல்ல முடியாவிட்டால் குழுவில் பேசலாமே, அங்கேதான் நூறு பேர் இருக்கிறார்களே என்கிறார்கள். அந்தக் குழுவில் சேர்ந்தவுடன் உங்கள் கைப்பேசி எண் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. பெண்களைத் தொல்லையிலிருந்து காக்க வேண்டும் என்பவர்கள் அவர்களுடைய எண்ணைக் கேட்கும் வாசலைக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புனைபெயரில் கணக்குத் தொடங்கலாம். எண்ணும் வேண்டாம், முகமும் வேண்டாம். பாதுகாப்பு எந்தப் பக்கம் அதிகம் என்பது கண்கூடு.

குழு பொதுவும் ஆகாது. அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாதவர்தான் இன்றைக்கு மரக்காணத்தில் முதல் திருத்தம் செய்யப் போகிறவர். சேர்த்துவிட அவருக்கு ஆள் வேண்டும். சேர்ந்தாலும் மூன்று ஆண்டுக்கு முன் உப்பளம் பற்றி என்ன முடிவாயிற்று என்று தேடிப்பிடிப்பது, காலை வணக்கப் படங்களுக்கு இடையில், ஆகாத வேலை. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், குழுவைத் திறந்தும் வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே எடுத்த முடிவும் வரைபடப் பொருளோடு பிணைவதில்லை. இரண்டிலுமே கடைசியில் நடப்பது ஒன்றுதான்: நெடுநாள் இருக்கும் ஏழெட்டுப் பேரின் கருத்து ‘சமூகத்தின் முடிவு’ என்று பெயர் சூடிக்கொள்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விக்கிப்பீடியா சான்று. கிழக்கு ஐரோப்பா பற்றிய கட்டுரைகளைத் திருத்தியவர்கள் சிலர் மறைவான மின்னஞ்சல் பட்டியல் ஒன்றில் கூடிப் பேசி, வெளியே தனித்தனி ஆட்களைப் போலச் செயல்பட்டது 2009இல் அம்பலமானது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்து நடவடிக்கை எடுத்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களும் தங்களை நல்லது செய்கிறவர்களாகத்தான் நினைத்திருப்பார்கள். மறைவான இடத்தில் கூடும் எந்தக் குழுவும் காலப்போக்கில் அணியாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியர்கள் தங்கள் பொதுப்பேச்சுக்கு ஆலமரத்தடி என்று ஓர் இடம் வைத்து, கட்டுரைதோறும் உரையாடல் பக்கம் வைத்து, இரண்டு பதிற்றாண்டாகத் தமிழிலேயே வாதாடி வருகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால்தான் பொதுவில் பேச முடியும் என்ற மூன்றாவது காரணத்துக்கு இதைவிடப் பதில் தேவையில்லை. மாற்றத்தொகுப்பின் கீழே தமிழில் எழுதுங்கள். புரியாத அயலூர்க்காரர் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வார். அது அவர் வேலை.

5. பிணக்கு வந்தால் பேசுவது பதிவுதான்.

எல்லோரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கையில் எந்தப் பொதுச்சொத்தையும் நடத்த முடியாது. வேண்டுமென்றே அழிப்பவர் வருவார். வேறு வரைபடத்தைப் பார்த்து நகலெடுப்பவர் வருவார். ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் கூட்டமாக வரைபவர்கள் வருவார்கள். 2018 வாக்கில் தாய்லாந்தில், வாடகை வண்டிச் சேவை தரும் கிராப் நிறுவனத்துக்காக வெளியிலிருந்து வரைந்தவர்களின் பிழைகளை உள்ளூர்த் தன்னார்வலர்கள் பொதுவில் அடுக்கிக் காட்டினார்கள். அவர்கள் ஒவ்வொரு பிழையையும் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிச்செய்தியாக அனுப்பியிருந்தால், அது ஒரு கூட்டத்தின் முறைகேடு என்று யாருக்கும் புலப்பட்டிருக்காது. 2018இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை, அமைப்பு ரீதியாக வரைபவர்கள் தாங்கள் யார், என்ன செய்கிறார்கள், யாரைத் தொடர்பு கொள்வது என்று முன்கூட்டியே பொதுவில் எழுதி வைக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது.

சண்டை முற்றினால் தீர்க்க வேண்டியது அந்த அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழு. மாற்றத்தொகுப்பில் பேசிப் பார்த்தீர்களா என்பதுதான் அங்கே இயல்பாக எழும் முதல் கேள்வி. தனிச்செய்தியை எடுத்துக் காட்டுவது நம்பிக்கைத் துரோகம். காட்டாவிட்டால் ஆதாரம் இல்லை. தனியாகப் பேசியவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

உரிமமும் இதில் அடங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் புதிய தரவுத்தள உரிமத்துக்கு மாறியபோது, அதை ஏற்காதவர்களின் பங்களிப்புகளை நீக்க வேண்டி வந்தது. யார் எதை வரைந்தார்கள் என்ற பதிவு இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு குப்பத்தின் பெயர் நேரில் கேட்டு எழுதியதா, கூகுள் மேப்ஸிலிருந்து எடுத்ததா என்பது இந்தத் திட்டத்தின் சட்ட அடித்தளத்தைத் தொடும் கேள்வி. அதற்கான பதில் இருவரின் உள்பெட்டியில் கிடக்கக் கூடாது.

6. பேரிடர் காலத்தில் உயிரைக் காப்பது முன்பே எழுதி வைத்த பொதுச்சொல்.

அவசரம் வந்தால் குழுவில்தானே ஓடி வருகிறோம் என்பார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. இப்படிப்பட்ட நேரத்தில் வரைபடத்தில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணை மிதித்திராதவர்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் உலகெங்கிலுமிருந்து போர்ட்டோபிரின்ஸ் நகரத்தை வரைந்தார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் எழுந்தது. அந்நியர்கள் கூடிச் செய்யும் வேலை அது. அந்நியருக்குத் தெரிவது பொதுவில் இருப்பது மட்டும்.

உப்பளத்தில் ஒரு சிறு விஷயம் உயிர்ப்பிரச்சினையாகலாம். பாத்திகளுக்கு நடுவே ஓடும் அகலமான வரப்பு செயற்கைக்கோள் படத்தில் வண்டிப்பாதை போலவே தெரியும். தொலைவிலிருந்து வரைபவர் அதைப் பாதை என்று குறித்தால், வழிகாட்டும் செயலி நிவாரண வண்டியை அதன் மேல் திருப்பலாம். மழையில் ஊறிய மண்வரப்பு எந்தச் சக்கரத்தையும் தாங்காது. உள்ளூர்க்காரர் ஒருவர் இதை எப்போதோ நண்பருக்குத் தனியாகச் சொல்லியிருப்பார். அது இந்த நேரத்தில் யாருக்கும் பயன்படாது. “இவை நடக்கும் வரப்புகள், வண்டி போகாது” என்று வரைபடத்தின் மேலேயே எழுதி வைத்திருந்தால், ஜெர்மனியில் இருப்பவரும் பிலிப்பைன்ஸில் இருப்பவரும் அதைப் படித்துவிட்டு வரைந்திருப்பார்கள்.

7. அரசிடம் கேட்கும் நேர்மையை நம்மிடமும் கேட்க வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் தமிழ்நாட்டின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் 2023இல் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வந்தன. மீனவர் குடியிருப்புகளும் அவர்கள் தொழிலுக்குப் புழங்கும் இடங்களும் அவற்றில் முறையாக இல்லை என்று மீனவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் கேட்டது நியாயம்: எங்கள் கரையை வரைவதானால் எங்கள் கண் முன்னால் வரையுங்கள், எந்த ஆதாரத்தில் வரைந்தீர்கள் என்று சொல்லுங்கள். இதே கோரிக்கை நம்மை நோக்கியும் நிற்கிறது. அரசின் வரைபடம் மூடிய அறையில் தயாரானால் தவறு. நம் வரைபடம் மூடிய குழுவில் தயாரானால் சரி என்று எந்த முகத்தோடு சொல்வது? விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் இயங்கும் வட்டாரம் இது. திறந்து வைப்பது, திறந்து பேசுவது என்பது இங்கே புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமில்லை.

இனி, சட்டத்தைக் காட்டி மிரட்டுவார்கள் என்ற அச்சம். 2016இல் வெளியான புவிசார் தகவல் ஒழுங்குமுறை மசோதா வரைவு, மீறுவோருக்கு 100 கோடி ரூபாய் வரை தண்டம் என்றது. அந்த நாளின் பயம் புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால் மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் வரைபடத் தரவு திரட்ட முன்அனுமதி வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கின. துல்லியத்துக்கும் பாதுகாப்புசார் விவரங்களுக்கும் வரம்பு வைத்தன. வரம்பு மீறினால் தனிச்செய்தியில் பேசியதாலும் தப்ப முடியாது. ஆதாரத்தை வெளிப்படையாக எழுதி வைத்தவர்தான் தன் நேர்மையைக் காட்ட முடியும்.

எல்லாவற்றையும் பொதுவில் போட வேண்டும் என்பதா என் கட்சி? இல்லை. எல்லை தெளிவானது. வரைபடத்தைப் பற்றியது பொதுவுக்கு. மனிதரைப் பற்றியது தனிமைக்கு. ஒருவர் தொல்லை தருகிறார் என்றால் அதைப் பொதுவில் எழுத வேண்டியதில்லை. தரவுப் பணிக்குழுவுக்கு மின்னஞ்சலில் புகார் செய்யுங்கள். இந்தப் பாத்தி இன்னாருடையது, இந்த வீட்டில் இன்னார் இருக்கிறார் என்ற செய்திகள் பொதுவிலும் வேண்டாம், வரைபடத்திலும் வேண்டாம். கடலாமை முட்டையிடும் இடத்தைத் துல்லியமாக அறிவிப்பது ஆமைக்கே கேடு. ஒருவருடைய உடல்நிலை, வேலை, குடும்பம் ஆகியவை அவருடையவை. புதியவரை வரவேற்று, உதவி வேண்டுமா என்று கேட்கத் தனிச்செய்தி அனுப்புங்கள், அது அழகு. ஆனால் ஒரு கோடு ஏன் போட்டது, ஏன் அழித்தது, ஒரு பெயர் ஏன் மாறியது என்பதற்கான காரணம் ஒருபோதும் தனிச்சொத்தாக முடியாது.

தொலைபேசியில் பேசாதீர்கள், தேநீர்க் கடையில் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் அங்கேதான் பேசுவார்கள். நான் கேட்பது ஒரு விதி: எங்கே பேசி முடித்தாலும், திருத்துகிறவர் அதன் காரணத்தை மாற்றத்தொகுப்பில் எழுத வேண்டும். அடுத்தவரின் தனிச்செய்தியை அனுமதியின்றி ஒட்ட வேண்டாம். யார் சொன்னார் என்பதும் வேண்டாம். எதன் அடிப்படையில் மாற்றினேன் என்று இரண்டு வாக்கியம் போதும். ‘திருத்தம்’, ‘அப்டேட்’ என்ற ஒற்றைச் சொற்கள் போதாது.

இந்தக் கடற்கரையின் உப்பளங்களுக்குத் தங்களைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ள வேறு ஏடு அதிகம் இல்லை. அங்கே உழைப்பவர்களின் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது. எந்தப் பாத்தியில் எப்போது நீர் விடுவார்கள், எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது, எந்த வரப்பு எந்த மாதம் நடக்க உதவாது என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உலகுக்குத் தெரியும். அதைக் கேட்டு வந்து நாலு பேர் குழுவுக்குள் வைத்துக்கொள்கிறவர் அவர்களுக்கு உதவி செய்ததாகாது.

ஆகவே, வரையும் தோழர்களே, அடுத்த முறை மரக்காணத்திலோ உங்கள் ஊரிலோ ஒரு திருத்தத்தை ஏற்றும் முன் நின்று, ஏன் மாற்றினீர்கள், எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். அடுத்தவர் பிழையைக் கண்டால் அந்தத் தொகுப்பின் கீழேயே, மரியாதையோடு, எல்லோரும் படிக்கக் கேளுங்கள். உங்கள் பிழையை ஒருவர் அங்கே சுட்டினால், அங்கேயே நன்றி சொல்லித் திருத்துங்கள்.